‘காலம்’ கால் ஆகிப்போன விவரம்

சங்கரன்கோவில்,
28-2-1979.

பெருமதிப்பிற்குரிய ‘கழனி விளக்கு’ ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மாத இதழை அட்டையிலிருந்து அட்டைவரை வாசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ம. பூமாரி, பி.எஸ்ஸி., பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், அச்சுக் கோர்ப்பவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அச்சுக் கோர்ப்பவரைத் தனியாக விசாரித்ததற்குக் காரணம் பின்னால் வருகிறது. இங்கு நாங்கள் யாவரும் நலம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நான் இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் எழுதியதில்லை. எழுதுவது இருக்கட்டும், வாய் திறப்பதே எனக்குப் பெரிய காரியம். திருநெல்வேலியில் மூன்று வருடம் படித்தபோது வகுப்பில் நான் சத்தமாகச் சொன்னது ‘பிரசென்ட் மிஸ்’ என்பது ஒன்றுதான். அதையும் பாதி நாள் பக்கத்தில் இருந்தவள் எனக்காகச் சொன்னாள், ஏனென்றால் நான் சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. ஆகையால் இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரைப் போடாமல் ‘ஒரு வாசகி’ என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதிலும் பௌதிகம். அதனால் தெருவில் யார் வீட்டு பல்பு எரியாவிட்டாலும், ரேடியோ கரகரத்தாலும், தந்தி வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். தந்தியை மட்டும் வாசித்துவிடுவேன். மற்ற இரண்டையும் தட்டிப் பார்ப்பேன். என் பெரியப்பா என்னைப் பற்றி வெளியாரிடம் சொல்லும்போது, “கரண்டுக்குப் படிச்ச புள்ள” என்பார். இந்தப் பெயர்தான் என்னைக் கிணற்று விவகாரத்தில் கொண்டுபோய்த் தள்ளியது.

எங்கள் தோட்டம் கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் இருக்கிறது. கிணறு ஒன்று, பங்கு இரண்டு. ஒரு பங்கு பெரியப்பா ராமசுப்புவுக்கு, இன்னொன்று என் அப்பா மருதப்பனுக்கு. மாடு பூட்டிக் கமலை இறைத்த நாளில் உச்சிப் பொழுதுவரை ஒருவர், உச்சி சாய்ந்தபின் ஒருவர் என்று முறை வைத்திருந்தார்கள். மோட்டார் வந்ததும் முறை கடிகாரத்துக்கு மாறியது. பம்புசெட்டுகளுக்கு இப்போது எங்கள் பக்கம் காலை ஆறு மணிக்குக் கரண்டு வந்து பன்னிரண்டு மணிக்குப் போய்விடுகிறது. ஆறிலிருந்து ஒன்பதுவரை பெரியப்பாவின் முறை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை அப்பாவின் முறை. கேட்பதற்குச் சரிபாதியாக இருக்கிறதல்லவா? ஆனால் ஆறு மணிக்கு வரும் கரண்டு வேறு, ஒன்பது மணிக்கு இருக்கும் கரண்டு வேறு. ஒன்பதுக்கு மேல் சுற்றுவட்டாரத்து மோட்டார்களெல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். அதன்பிறகு எங்கள் கரண்டு கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி எழுந்து போவதும் வருவதுமாக இருக்கும். அரை மணி இருந்தால் முக்கால் மணி போய்விடும். பெரியப்பாவின் வாழை தண்ணீர் போதும் போதும் என்று நிற்கும். அப்பாவின் மிளகாயில் கடைசி ஆறு பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மாசி மாதம், செடி பூத்து நிற்கிறது. இந்தச் சமயத்தில் தண்ணீர் தவறினால் பூ அத்தனையும் கொட்டிவிடும். அந்த ஐம்பது சென்ட் மிளகாய்தான் எங்கள் வீட்டுக்கு இந்த வருடத்துச் சாப்பாடு.

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. எனக்கு இந்தக் குணம் அவரிடமிருந்து வந்ததுதான். அவரே ஒருநாள் தாங்காமல், கரண்டு போன நேரத்தைத் தன் முறையில் சேர்க்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் கேட்டுவிட்டார். முறை என்றால் கடிகாரம், கடிகாரம் கரண்டு போனால் நிற்பதில்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டார். இரண்டு பேச்சு மூன்று பேச்சாகி, கடைசியில், கரண்டுக்குப் படித்த பிள்ளை வீட்டிலேயே இருக்கிறதே, அதைக் கேட்டுவிடலாம் என்று இருவரும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஓடிய மொத்த மின்சாரம் என்பது கரண்டையும் அது ஓடிய நேரத்தையும் பெருக்கினால் வருவது, இரண்டில் ஒன்று சைபரானாலும் மொத்தமும் சைபர் என்று சொன்னேன். என் சத்தம் கதவைத் தாண்டவில்லை. அம்மா நடுவில் நின்று உரக்கச் சொன்னாள்: “கரண்டும் நேரமும் புருசன் பொண்டாட்டி மாதிரியாம். ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு இருந்தும் புண்ணியம் இல்லியாம்.” நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.

பெரியப்பா தலையை ஆட்டினார். “நல்லாச் சொல்லுதா. ஆனா அச்சுல இருக்கா?”

இங்கே பெரியப்பாவைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அப்பா ஒன்றுமே படிக்கவில்லை. பெரியப்பாவுக்கு அச்சில் வந்ததெல்லாம் சத்தியம். தங்கள் இதழைப் பத்து வருடமாகத் தபாலில் வரவழைக்கிறார். பெண்களைப் படிக்கவைக்க வேண்டும் என்று அதில் ஒரு கட்டுரை வந்ததால்தான், அப்பா தயங்கியபோதும் என் டிரங்குப் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார். ஆகையால் அவர் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. சந்தோஷமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் தங்கள் ஜனவரி இதழின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி, ‘மின்சாரம் அறிவோம் தொடரில் அடுத்து: மின்னோட்டமும் மின்னூட்டமும்’ என்று போட்டிருந்தீர்கள். நான் கதவிலிருந்து பாதி வெளியே வந்து, “அடுத்த மாசம் ஒங்க புஸ்தகத்துலயே வரும் பெரியப்பா” என்று சொன்னேன். அவரிடம் நான் நேராகப் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவர் அந்த இடத்திலேயே, புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதற்குத் தான் கட்டுப்படுவதாகவும் தம்பியும் கட்டுப்பட வேண்டும் என்றும் சொல்ல, அப்பாவும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

பிப்ரவரி இதழ் வந்தது. பக்கம் பதினேழு. தாங்கள் அருள்கூர்ந்து அதை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படிக்கவும். ‘மின்னூட்டம் = மின்னோட்டம் × காலம்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மின்னூட்டம் = மின்னோட்டம் × கால்’ என்று இருக்கிறது. ஒரு இடத்தில் என்றால் கைப்பிசகு என்று விட்டிருப்பேன். தங்கள் அச்சுக் கோர்ப்பவர் நேர்மையானவர் போலிருக்கிறது, ஒரு இடத்தில் செய்ததைக் கட்டுரை முழுக்க ஒரே சீராகச் செய்திருக்கிறார். ‘மின்னோட்டத்தைக் காலால் பெருக்க மின்னூட்டம் கிடைக்கும்.’ ‘மின்னூட்டத்தைக் காலால் வகுக்க மின்னோட்டம் கிடைக்கும்.’ ‘காலை எப்போதும் நொடியில் அளக்க வேண்டும்.’ எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவில் தடித்த எழுத்தில், ‘காலை மறந்துவிட்டு யாரும் மின்சாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது.’

இதைப் பெரியப்பா பம்புசெட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். அப்பா, அம்மா, பெரியம்மா பேச்சித்தாய், மோட்டார் போடுகிற மூக்காண்டி, தொட்டியில் துணி துவைக்க வந்திருந்தவர்கள், ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் என்று நல்ல கூட்டம். முதலில் விளங்கிக்கொண்டவர் மூக்காண்டி அண்ணன்தான். பன்னிரண்டு வருடமாக அந்த மோட்டாரை நிறுத்தி ஓட்டுகிறவர். “அதான பாத்தேன்” என்று ஒரு காலைத் தூக்கி, மோட்டார் ரூம் தரையில் கிடந்த தூசி துரும்பையெல்லாம் பாதத்தாலேயே வெளியே தள்ளிப் பெருக்கிவிட்டு ஸ்டார்ட்டரைப் போட்டார். தங்கள் துரதிர்ஷ்டமோ என் துரதிர்ஷ்டமோ, அன்றைக்குக் கரண்டு ஒன்பதரைவரை கண் சிமிட்டாமல் நின்றது. மறுநாள் முதல் காலால் பெருக்காமல் அவர் மோட்டார் போடுவதில்லை. மூன்றாம் நாள் பனவடலிசத்திரத்திலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்து, இடது காலா வலது காலா என்று கேட்டுக்கொண்டு போனார். அந்த ரூமில் தரை எப்போதும் ஈரம். வெறுங்காலோடு ஸ்டார்ட்டர் பக்கம் போகாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கெஞ்சி, பெருக்கியபின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் தொடுவது என்ற அளவுக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இந்தத் தகவலைத் தாங்களும் ஓர் ஓரத்தில் வெளியிட்டால் நல்லது.

பெரியப்பா காலால் பெருக்குகிறவர் அல்ல. அவர் பழைய வாய்பாடு படித்தவர். அவருக்குக் கால் என்றால் ‘காலே அரைக்கால்’ என்கிற வாய்பாட்டுக் கால், நாலில் ஒரு பங்கு. அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி அந்த வரியை நாலு தரம் பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார். ஊட்டம் என்றால் பயிருக்கு ஊட்டுவது. மின்னூட்டம் என்றால் கரண்டை வைத்துப் பயிருக்கு ஊட்டுவது. வருகிற கரண்டைக் காலால் பெருக்கினால் ஊட்டம். அதாவது, கரண்டு இருக்கிற நேரத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தாலே பயிருக்குப் போதும் என்று அரசாங்கமே கண்டுபிடித்திருக்கிறது. அப்பாவின் மூன்று மணி நேரத்தில் கால் என்றால் முக்கால் மணி. பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டு.

அப்பா மெதுவாகக் கேட்டார், “அப்பம் ஒங்களுக்கும் கால்தானண்ணே?”

“எனக்கு எப்படிடா? அடுத்த வரியப் பாரு. காலால் வகுக்கன்னு போட்டிருக்கு. வகுக்கது யாரு, மூத்தவன். பெருக்கது யாரு, இளையவன். காலால வகுத்தா நாலு மடங்கு. அம்புட்டையும் நான் கேட்டனா? மிச்சத்தத்தான எடுத்துக்கிடுதேன்.”

இதில் கொடுமை என்னவென்றால், கணக்கு சரி. காலால் வகுத்தால் நாலு மடங்குதான் வரும். பெரியம்மா மட்டும், மனுஷன் பெருக்கினால் கூடும் வகுத்தால் குறையும் என்றுதானே இருந்தது, இது எந்த ஊர்க் கணக்கு என்று முணுமுணுத்தாள். கால் போட்டால் எல்லாம் தலைகீழ்தான் என்று பெரியப்பா அடக்கிவிட்டார். போதாக்குறைக்குக் ‘காலை நொடியில் அளக்க வேண்டும்’ என்பதற்கு, காலை நேரத்தை நொடி நொடியாகப் பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்று அர்த்தமாம். காலை நேரம் அவருடைய முறை.

நான் சும்மா இருக்கவில்லை. மனதுக்குள் நிறையப் பேசினேன். பிறகு என் காலேஜ் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அது கையெழுத்து, அச்சு இல்லை என்றார். பாடப்புத்தகத்தைக் கொண்டுபோனேன். அது இங்கிலீஷில் இருந்தது. காலத்துக்கு அவர்கள் போடும் டீ என்ற சின்ன எழுத்தைப் பெரியப்பா வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இங்கன கூட்டல் போட்டிருக்கான். எதக் கூட்டணும்னு போடாம விட்டுட்டான் பாரு. இதையா மூணு வருசம் படிச்ச?” என்று அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

அப்பா வாக்குக் கொடுத்தவர். பதினொன்றே காலுக்குத்தான் மடை மாற்றினார். அவர் முறையில் கரண்டு வருவதும் போவதும் தங்களுக்கு முன்பே சொன்னேன். முக்கால் மணியில் அது இருந்தது சில நாள் இருபது நிமிஷம், ஒருநாள் எட்டு நிமிஷம். இரண்டு வாரத்தில் கடைசி ஆறு பாத்தியாக இருந்த தாகம் இருபது பாத்தியாகிவிட்டது. அம்மா குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினாள். நானும் ஊற்றினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் செடிக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூ கிடக்கும். அப்பா அதைப் பார்க்காத மாதிரி நடப்பார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ‘உன் புத்தகத்தை நம்பித்தானே’ என்று ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஆகவே கடைசியாக அம்மாவை அழைத்துக்கொண்டு டவுனுக்குள், மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டுகிற ஹபீப் முகம்மது கடைக்குப் போனேன். முப்பது வருடமாக எரிந்த மோட்டார்களைப் பார்த்து வருகிறவர். பெரியப்பாவுக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. கட்டுரையை வாசித்துக் காட்டினேன். அவர் ‘காலால் வகுக்க’ என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, கையிலிருந்த செப்புக் கம்பி சிக்குப் பிடிக்கிறவரை சிரித்தார். பிறகு சொன்னார்:

“கரண்டு மட்டும் காயில எரிக்காது தாயி. அது எம்புட்டு நேரம் நிண்ணுதுங்கதுதான் எரிக்கும். ஒரு நொடி தொட்டா சூடு, ஒரு மணி தொட்டா சாம்பல். இதுக்கு எதுக்கு ஃபார்முலா?”

மூன்று வருடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. இதைப் பெரியப்பாவிடம் வந்து சொல்ல முடியுமா என்று அம்மா கேட்டாள். மறுநாளே சைக்கிளில் வந்து சொன்னார். பெரியப்பா மோர் கொடுத்து, முழுவதும் கேட்டு, பணிவாக, “பாய், இது அச்சுல இருக்கா?” என்றார். “எங்கிட்ட எரிஞ்ச காயிலுதான் இருக்கு அண்ணாச்சி” என்று அவர் சொல்லிவிட்டு, போகும்போது என்னிடம் தனியாக, சொன்னால் கேட்காது, ஓட்டிக் காட்டு என்றார்.

அதனால் போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பரிசோதனை வைத்தேன். வேண்டுமென்றே பெரியப்பாவின் முறையில் வைத்தேன் என்று தாங்கள் நினைக்கலாம். இல்லை. அந்த நேரத்தில்தான் கரண்டு நிற்கும் என்று நம்பி வைத்தேன். பம்புசெட்டுத் தொட்டியைக் காலி செய்து, மோட்டாரைப் போட்டு, மூக்காண்டி அண்ணனை உரக்க எண்ணச் சொல்வது. நூறு எண்ணும்போது தொட்டி நிறையும் என்று முந்தின நாள் பார்த்து வைத்திருந்தேன். ஐம்பது எண்ணினால் பாதி. குழாயில் வரும் தண்ணீர்தான் கரண்டு, எண்ணிக்கைதான் காலம், தொட்டியில் சேர்ந்ததுதான் மின்னூட்டம். இவ்வளவையும் இருபது பேர் முன்னால் சொல்ல வேண்டும். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நான் சொன்னதை அம்மா உரக்கச் சொல்ல, அம்மா சொன்னதைப் பின்னால் நின்றவர்களுக்குப் பெரியம்மா சொல்ல, கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது, பூமாரி தொட்டிக்குள் இறங்கி நூறு எண்ணப் போகிறாள் என்று ஆகியிருந்தது.

மோட்டார் ஓடியது. மூக்காண்டி அண்ணன் எண்ண ஆரம்பித்தார். அவருக்கு நல்ல குரல். முப்பத்தெட்டு என்றபோது மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றது. கரண்டு போய்விட்டது. ஏழு மணிக்கு, இந்த வருடத்தில் முதல் தடவையாக. குழாய் இரண்டு சொட்டுச் சொட்டிவிட்டு ஓய்ந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூமி பிளக்குமா என்று பார்த்தேன், கரிசல் என்றாலும் அந்த இடத்தில் ஈரம், பிளக்கவில்லை.

எண்ணச் சொன்ன நான் நிறுத்தச் சொல்லவில்லை. மூக்காண்டி அண்ணன் எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்பது, நாற்பது. எழுபது, எண்பது. நூறு வந்தது. தொட்டி பாதியும் இல்லை. அவர் நூற்றொன்றுக்குப் போனார். இருநூறு தாண்டியது. நின்றவர்கள் சிலர் உட்கார்ந்தார்கள். பெரியம்மா வெற்றிலை மடித்தாள். முந்நூற்றுப் பத்தில் பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏலே மூக்காண்டி, தண்ணியே வரல, என்னத்தல எண்ணிக்கிட்டு இருக்க?”

“நேரம் ஓடுதுல்லா அண்ணாச்சி. ஒங்க மொறை. முந்நூத்திப் பதினொண்ணு.”

“கரண்டு இல்லாத நேரத்த எண்ணி எந்தக் கணக்குலல சேக்கப் போற?”

இதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே தாம் சொன்னது காதில் விழுந்தது. போன மாதம் அப்பா அவரிடம் கேட்டதும் இதேதான். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வாய்க்காலைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அம்மா நடுவில் இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி, “நீங்க இப்பம் சொன்னதுதான் அந்த ஃபார்முலா பெரியப்பா” என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் நின்ற ஒருவர், “அட, இந்தப் புள்ளைக்குத் தொண்ட இருக்கே” என்றார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “அச்சுல வரட்டும்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாழைக்குள் போய்விட்டார். அவர் மனம் மாறிவிட்டது என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. ஆனால் வாக்கு வாக்குத்தானே. அச்சுக்குக் கட்டுப்படுவதாக ஊர் அறியச் சொன்ன மனிதர், தம்பி மகள் தொட்டி காட்டினாள் என்பதற்காக எப்படி இறங்கி வருவார்? இறங்கினால் அவர் படித்த ஐந்தாம் வகுப்புக்கு என்ன மரியாதை?

ஐயா, ஆகையால்தான் எழுதுகிறேன். மார்ச் இதழில், முடிந்தால் முதல் பக்கத்தில், முடிந்தால் தடித்த எழுத்தில், ‘கால் என்று அச்சாகியிருப்பதைக் காலம் என்று திருத்தி வாசிக்கவும்’ என்று ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இதழ் வரும்வரை மிளகாய் தாங்காது. அதனால் அதே வாசகத்தை ஒரு கார்டில் அச்சடித்து, கையால் எழுதாமல் அச்சடித்து, தங்கள் அலுவலக முத்திரையோடு என் பெரியப்பா பெயருக்கு உடனே அனுப்பினால் எங்கள் வீடு தங்களை மறக்காது. இன்னொரு சிறு வேண்டுகோள். அடுத்த இதழில் மின்னழுத்தம் பற்றி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதை அச்சேற்றும் முன் யாராவது ஒருவரை இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அந்த ‘ழு’ இருக்கும் இடத்தில் ஒரு ‘மு’ விழுந்துவிட்டால், அதைக் கூட்டத்தின் முன்னால் விளக்கும் தைரியம் எனக்கு இல்லை. கல்யாணம் ஆகாத பெண்.

தங்கள் இதழ் மேன்மேலும் வளரவும், தங்கள் அச்சகத்தில் எழுத்துகள் ஒன்றும் தொலையாமல் இருக்கவும், அச்சுக் கோர்ப்பவர் குடும்பம் சௌக்கியமாக இருக்கவும் எங்கள் ஊர்க் கோமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

இங்ஙனம்,
பணிவுள்ள,
ம. பூமாரி, பி.எஸ்ஸி. (பெயர் வேண்டாம்)

பின்குறிப்பு: 3-3-1979. தபால்தலை வாங்க ஆள் போகாததால் கடிதம் மூன்று நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் நடந்தது இது. முந்தாநாள் விடியற்காலை பெரியப்பா இதழைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம்.

“ஏட்டி பூமாரி, நாம எல்லாரும் தப்பால்லா படிச்சிருக்கோம். கால்னா காலே அரைக்கால் காலும் இல்ல, நடக்கிற இந்தக் காலும் இல்ல. கால்னா வாய்க்காலுட்டி.”

எங்கள் பக்கம் வாய்க்காலைக் கால் என்றும் சொல்வதுண்டு. கரண்டு இருந்து, வாய்க்காலில் தண்ணீரும் ஓடினால்தான் ஊட்டம். வாய்க்காலில் ஓடுவதைத்தான் நொடி நொடியாக அளக்க வேண்டும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் நேரம் யார் முறையிலும் சேராது, விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டும். வாய்க்காலை மறந்துவிட்டு யாரும் மின்சாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று அச்சிலேயே போட்டிருக்கிறது, பாருங்கள் என்று அப்பாவிடம் விரல் வைத்துக் காட்டினார். அப்பா எழுத்துத் தெரியாதவர், ஆனாலும் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, “ஆமாண்ணே, போட்டிருக்கு” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து காப்பி குடித்தார்கள். இப்போது மூக்காண்டி அண்ணன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து எண்ணுகிறார். தண்ணீர் நின்றால் அவரும் நிறுத்திக்கொள்கிறார். நேற்று மிளகாயில் கடைசிப் பாத்திவரை ஈரம்.

ஆகையால் ஐயா, மேலே எழுதியவற்றைத் தயவுசெய்து எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். திருத்தம் வேண்டாம். கார்டும் வேண்டாம். இப்போது போய் ‘காலம்’ என்று தாங்கள் அச்சில் போட்டால், காலம் என்றால் கடிகாரம்தானே என்று பெரியப்பா மறுபடி ஒன்பது மணிக்குப் போய்விடுவார். அச்சில் வந்துவிட்டால் என்னாலும் ஹபீப் பாயாலும் ஒன்றும் செய்ய முடியாது. பௌதிகம் படித்தவள் இப்படிக் கேட்பது தப்பு என்று எனக்குத் தெரியும். என் பேராசிரியைக்குத் தெரிந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார். ஆனாலும் வேறு யாராவது வாசகர் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினால், அந்தக் கடிதத்தைச் சித்திரையில் நாங்கள் மிளகாய் பறித்து முடிக்கும்வரை ஏதாவது ஒரு கட்டுக்கு அடியில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.